களத்தில் புதைத்த தோல்

ஆண்டாயி நிலக்காரன் கொளஞ்சியப்பனுக்கு முப்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். கூரையைப் பிரித்துச் சிமெண்ட் ஷீட் போட வாங்கியது. அதற்காக யார் காலிலும் விழுந்தவள் இல்லை. கைநாட்டுக்காரிதான், ஆனால் மக்காச்சோளம் ஒடிப்பதில் பெரம்பலூர்ப் பக்கம் அவளுக்கு ஈடாக ஒரு ஆம்பளை கிடையாது. எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்லலாம்.

கடனைக் கழிக்க அவன் களத்தில் அவளும், பள்ளிக்கூட லீவில் மகள் கவியாவும் சோளம் உதிர்க்கும் மிஷினுக்குக் கதிர் அள்ளிப் போட்டார்கள். டிராக்டரிலிருந்து மிஷினை ஓட்டும் இரும்புத் தண்டு வெறிபிடித்துச் சுழன்றது. சக்கை அடைக்கிறது என்று அதன் மூடியைக் கொளஞ்சியப்பன்தான் கழற்றி எறிந்திருந்தான்.

கூடையைத் தூக்கக் குனிந்தாள் கவியா. சடையைத் தண்டு பிடித்தது. ஒரே இழுப்பு. புருவத்திலிருந்து பிடரிவரை தோல் முடியோடு உரிந்து போனது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. மறுகணம் ரத்தம் அதை மூடியது.

ஆண்டாயி டிராக்டரில் தாவி ஏறி எஞ்சினை அணைத்தாள். முந்தானையைக் கிழித்து மகள் தலையை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்சில் ஏறினாள்.

திருச்சியில் டாக்டர் கேட்டார்: "பிஞ்ச தோல் எங்கம்மா? இருந்தா திரும்ப ஒட்டப் பாக்கலாம்."

கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டாள்.

"ரத்தச் சதை களத்துல கெடந்தா வெளங்குமா? அப்பவே வரப்போரம் பொதச்சுட்டேன். அது எதுக்குடி இப்ப?"

தொடைத்தோலைச் சீவி மண்டையில் வைத்தார்கள். பிடிக்கவில்லை, சீழ் கட்டி உரிந்தது. எலும்பைத் துளைத்துச் சதை வளரவிட்டு, மறுபடி தொடையைச் சீவினார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் வலி தாங்காமல் அம்மா கையைக் கடித்தாள் கவியா. பல் பதிந்த இடங்கள் புண்ணாகின. ஆண்டாயி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கொளஞ்சியப்பன் வந்தான்.

"முப்பதாயிரத்தயும் தள்ளிட்டேன் போ. போலீசு கேட்டா, புள்ளதான் தவறி வுழுந்துச்சுன்னு சொல்லிடு."

"எம் புள்ள மண்டத் தோலு முப்பதாயிரமாடா?"

விறகுக்கட்டையை எடுத்து வாயிலேயே போட்டாள். பல் தெறித்தது.

"கடங்கார நாயே!" ரத்தத்தைத் துப்பினான். "எங் காசுல வூடு கட்டிக்கிட்டு எம் மேலயே கேசா? எவன் நம்புவான் ஒன்ன?"

கடங்கார என்ற அந்த வார்த்தைதான் அவளுக்கு உறைத்தது. கறவை மாட்டைத் தரகரிடம் விற்றாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மூடி கழற்றியதையும் தோலைப் புதைத்ததையும் சொல்லி, அவர்கள் எழுதிய தாளில் பெருவிரலை அழுத்தினாள். அங்கிருந்து நேரே அவன் வாசலுக்கு நடந்தாள்.

"கேசு குடுத்தாச்சு. இனி நான் ஒனக்குக் கடங்காரி இல்ல. நீட்டு கைய."

வீங்கிய வாயோடு அவன் சுற்றிலும் பார்த்தான். தெருவே நின்றிருந்தது. கை மெல்ல விரிந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, ஊருக்கே கேட்கும்படி எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தாள் ஆண்டாயி.