இலையில் இருந்த வடை

சங்கரன்கோவிலில் பருத்திப் பொதி ஏற்றுகிற வண்டிக்காரர்களில் ஆறுமுகச்சாமி மாதிரி பிடிவாதக்காரர் கிடையாது. நாடு விடுதலையாகி ஐந்தாறு வருஷம் இருக்கும். ஒரு காலையில் நுகத்தடியைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துபோயின. புறா ரத்தம் தடவினார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் மனுஷன் கம்பு ஊன்றி நடந்தே விட்டார்.

நடந்தாரே தவிர, ஆள் பழைய ஆளாக இல்லை. சவரம் பண்ணினால் வலது கன்னம் மட்டும் மழமழவென்று இருக்கும், இடது கன்னம் முள்ளாகக் கிடக்கும். இடது தோள் போய் வாசல் நிலையில் இடிக்கும். நிலையை எவன் நகட்டி வைத்தான் என்று சண்டைக்கு வருவார். கண்தான் போய்விட்டது என்று பொஞ்சாதி கோமதித்தாய் அவரை டாக்டர் ஞானதுரையிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் விரலை ஆட்டிப் பார்த்தார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கண் கொண்டுவந்து கொடுப்பதை மூளைதான் வாங்கி வைக்க வேண்டும், இடது பக்கத்துச் சங்கதியை வாங்குகிற இடம் அடிபட்டுக் கிடக்கிறது, பழக்கினால் தேறும் என்றார்.

வீட்டுக்கு வந்தும் ஆறுமுகச்சாமிக்கு டாக்டர் சொன்னது பிடிபடவில்லை. பார்க்கிறது கண் என்றுதானே அத்தனை காலமும் நினைத்திருந்தார். இடது பக்கம் இருட்டாக இருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். இது இருட்டு இல்லை. முதுகுக்குப் பின்னால் இருட்டாகவா தெரிகிறது? அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

கோமதித்தாய்க்கு வேறு கவலை. மகள் சங்கரம்மாளுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். தகப்பனுக்கு மூளையில் கோளாறு என்று காதில் விழுந்தால், பைத்தியக்காரக் குடும்பம் என்று விலகிக்கொள்வார்கள். மூச்சு விடக்கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். அதுவரைக்கும் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் எல்லாம் பேசி முடித்த அன்றைக்கு அங்கே பந்தி போட்டார்கள். ஓரத்து இலையில் உட்கார்ந்த ஆறுமுகச்சாமி, கத்தி வைத்து அறுத்த மாதிரி சோற்றில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து இலையைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வடை வச்சிருக்கிய, எனக்கு மட்டும் இல்லியா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. வடை அவர் இலையில்தான் இருந்தது, இடது ஓரத்தில், அப்பளத்துக்கு அடியில்கூட இல்லை, பளிச்சென்று. கரண்டியோடு நின்ற மாப்பிள்ளையின் தாயார் சுந்தரம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. பாதி இலையைத் தொடாமல் விட்டு, வைத்த வடையையும் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

"சம்பந்தம் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க அண்ணாச்சி. எங்க சோத்தைக் கேலி பண்ணாதிய."

கோமதித்தாய் பதறிப்போய் இலையைத் திருப்பக் கை நீட்டினாள். இலை நுனி வலது பக்கம் வருவது எழவு வீட்டில்தான். ஆறுமுகச்சாமி அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"இலையத் தொடாதட்டி. நான் நகந்துக்கிடுதேன்."

கம்பை ஊன்றி, உடம்பை இழுத்து, இலையைத் தாண்டி இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தார். வடை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு. சத்தியமாவது ஒன்றாவது, சுந்தரம்மாளிடம் மறைக்காமல் சொன்னார்:

"தாயி, வாதம் வந்ததுல என் மூளை இடது பக்கத்தை விட்டுட்டுது. பைத்தியம் இல்ல. இலையில பாதி இருக்கதே எனக்குத் தெரியல. உங்க சோத்துலயும் குறை இல்ல, எம்மவளும் குறை இல்லாதவ."

சுந்தரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். இனிமேல் எல்லாவற்றையும் வலது பக்கமே வைக்கிறேன் என்றாள்.

"வேண்டாம். ஊருக்கெல்லாம் வைக்கிற எடத்துலயே வைங்க. தேடி எடுத்தாத்தான் இந்த மூளை படிக்கும்."

பழைய இடத்துக்கே நகர்ந்து வந்தார். சுந்தரம்மாள் இடது ஓரத்தில் இன்னொரு வடையை வைத்துவிட்டு, இதோ என்று காட்டாமல் நின்றாள். அவர் முகவாயை மெல்ல மெல்ல இடது தோளுக்குக் கொண்டுபோனார். அப்பளம் தெரிந்தது. இன்னும் திருப்பினார். விரல் வடையில் பட்டது.

அவர் அதை மென்று முடிக்கும்வரை சுந்தரம்மாள் அசையவில்லை. பிறகு உள்ளே திரும்பி, தட்டு மாற்றத் தாம்பூலம் எடுத்து வரச் சொன்னாள்.