எந்த ஊர்ப் பெண் என்று வாசிப்பது?

காலையில் நான் முகம் கழுவக் கிணற்றடிக்கு வந்தால் போதும், வேலிக்கு அந்தப் பக்கம் பங்கஜாட்சியம்மா தயாராக நிற்பார். "எந்தா டீச்சரே, தெக்கு போயோ?" பால் திரிந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரலில், தெற்கு போய்விட்டதா என்று விசாரிப்பார். தெற்கு என்று அவர் சொல்வது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தெற்குக் கோடியில் தமிழர் நிறைந்திருக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களை. அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நாகர்கோவிலில் கூட்டம் போடுகிறார்கள். கொச்சியையும் மலபாரையும் கூட்டி ஒரே கேரளமாக்க வேண்டும், தெற்கில் ஒரு பிடி மண்ணும் போகக் கூடாது என்று திருவனந்தபுரத்தில் கூட்டம் போடுகிறார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறியதிலிருந்து இதே பேச்சுத்தான். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அந்தத் தாலுகாக்களைப் பாய் போலச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார்களோ என்று பங்கஜாட்சியம்மாவுக்குக் கவலை. "இல்லை, அங்கேயேதான் இருக்கு" என்று நான் தினமும் தமிழிலேயே பதில் சொல்வேன். அவர் நிம்மதியடைந்து, வேலிக்கு மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நீட்டுவார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பாளையங்கோட்டையில் யாரும் காலையில் எழுந்து, நம் ஊர் இன்றைக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வதில்லை. நானும் அப்படி இருந்தவள்தான். கல்யாணமாகிச் செங்கோட்டைக் குகை வழியாக ரயிலில் இங்கே திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிய அன்று, நல்ல வெயில். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். இதே பங்கஜாட்சியம்மா, அப்போது இளம்பெண், ஒரு செம்பில் ஆவி பறக்கச் சுக்குப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் இங்கே உபசாரம் என்று தெரியாமல், புதுப்பெண்ணை அவமானப்படுத்துகிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கியதைப் பார்த்த அவர், ஜலதோஷம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சுக்கைத் தட்டிப் போட்டார். இந்த ஊருக்கும் எனக்கும் உள்ள உறவு அன்று முதல் இன்று வரை ஏறக்குறைய இப்படியேதான் ஓடுகிறது. அவர்கள் அன்பாகத் தருவது எனக்குச் சுடும். நான் பேசுவது அவர்களுக்குச் சண்டை போலக் கேட்கும். சாலைக் கடைத்தெருவில் நம் திருநெல்வேலிக்காரர் கடைகளுக்குள் நுழையும்போதுதான் என் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

என் வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் விளவங்கோட்டுக்காரர், சர்க்காரின் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். எங்கே தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. ஊரில் அவருடைய தம்பிகள் தமிழ்க் கட்சி. கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் ஐக்கிய கேரளக் கட்சி. இவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் வாயே திறக்காமல் சாப்பிடுவார். நான் விடாமல் கேட்டால், "நமக்கு எதுக்கு பிள்ளே? எவன் ஆண்டாலும் கச்சேரிக்குக் குமாஸ்தா வேணும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த விவகாரம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது எங்கள் மகள் லில்லியின் கல்யாணத்தில். லில்லி இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பி.ஏ. முடித்தவள். என்னிடம் தமிழ் பேசுவாள். கனவில் உளறினால் மலையாளம். நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் தங்கராஜைப் பார்த்துப் பேசி முடித்தோம். தகப்பன் இல்லாத பையன். தாய்மாமன் பொன்னையாதான் எல்லாம். நெல் வியாபாரி, தமிழ்க் கட்சிக் கூட்டங்களில் முன்வரிசை மனிதர். லில்லிக்குத் தங்கராஜைப் பிடித்திருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் கம்பியைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள், அதிலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் பேரப்பிள்ளைகள் தமிழ் படிப்பார்கள் என்ற ஒரே நினைப்பில் இரண்டு நாள் காரணமில்லாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்களுக்குள் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்ன ஊர்ப் பையனுக்கும் இன்ன ஊர்ப் பெண்ணுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பார். பையனுடைய சபையிலும் வாசிப்பார்கள், பெண்ணுடைய சபையிலும் வாசிப்பார்கள். முதல் ஓலையைக் கேட்கச் சம்பந்தி வீட்டார் வந்து உட்காருவது எங்கள் பக்கத்து மரியாதை. பொன்னையாவும் அப்படியே விடியற்காலை பஸ்ஸில் நாகர்கோவிலிலிருந்து வந்து, வெள்ளை ஜிப்பாவும் சந்தன நிறத் துண்டுமாக எங்களோடு தமிழ் ஆராதனையில் உட்கார்ந்தார். விருந்துச் சமையலுக்காக லில்லி அன்று கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டாள். எங்கள் கோயிலில் மலையாள ஆராதனை முந்தி, தமிழ் ஆராதனை பிந்தி. போதகர் ஒருவரே. மலையாளி, தமிழைக் கல் பொறுக்குவது போல நிதானித்துப் படிப்பார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, அறிவிப்புகள் வந்தன. மாதர் சங்கக் கூட்டத்தைச் சொன்னார். கூரை ஒழுகுவதைச் சொன்னார். லில்லியின் பெயர் வரவேயில்லை.

பொன்னையா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் ஓடினேன். "வாசிச்சல்லோ டீச்சர்! காலத்தே, மலையாளத்தில்" என்றார் அவர், மிகுந்த சந்தோஷத்துடன். காலை மலையாள ஆராதனையிலேயே வாசித்துவிட்டாராம். லில்லியின் பெயர் மலையாளச் சபையில்தானே இருக்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சபையில் முழு அங்கத்தினராகி இராப்போஜனத்தில் சேரும் வயதில், தமிழ் வகுப்பில் பிள்ளைகள் போதவில்லை என்று லில்லியை மலையாள வகுப்பில் உட்காரவைத்தோம். பாட்டுக் குழுவிலும் அங்கேயே சேர்ந்துகொண்டாள். தாய் தகப்பன் தமிழ்ச் சபை என்றால் பிள்ளை வேறெங்கே போகும் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமாக எங்கள் பெண் வாரா வாரம் எங்களுக்கு முன்னால் கோயிலுக்குப் போய் வேறொரு சபைக்காரியாகத் திரும்பி வந்திருக்கிறாள்.

பொன்னையா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். லில்லி மரியாதையாக ஒரு டம்ளரில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தொட்டுப் பார்த்தார். சுட்டது.

"அனல்ல வந்தவனுக்கு வெந்நீரா?" என்று ஆரம்பித்தார். "என்ன டீச்சரம்மா இது? தெக்கு தமிழுக்குச் சொந்தம்னு மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்துகேன். எங்க வீட்டுக்கு வார பொண்ணு மலையாளச் சபையில கெடக்கா! நான் எந்த மொகத்தோட ஊருக்குள்ள நடப்பேன்? தமிழ்ல ஓலை வாசிக்கணும். அதுவும் அவ அப்பன் ஊரு விளவங்கோடுன்னு சொல்லி வாசிக்கணும். இல்லேன்னா இந்தச் சம்மந்தம் வேண்டாம்."

டம்ளர் அப்படியே இருக்க, எழுந்து போய்விட்டார். மாலைக்குள் செய்தி எப்படியோ மலையாளச் சபைக்கும் எட்டிவிட்டது. பாட்டுக் குழுவை நடத்துகிறவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "லில்லி ஞங்ஙளுடெ குட்டியாணு. அவளெ மாத்தி எழுதான் சம்மதிக்கில்ல" என்றார். எங்கள் பிள்ளை, பெயரை மாற்றி எழுத விடமாட்டோம் என்கிறார். தாலுகாவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது போல முறைத்தார். எங்கள் பெண்ணைப் பெண்ணாக யாருமே பார்க்கவில்லை. அவள் இரண்டு கட்சிக்கும் நடுவில் கிடக்கும் ஐந்தாவது தாலுகா ஆகிவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொன்னையாமேல் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது பிடித்திருந்தது. எனக்கு ஓலை வாசித்தபோது 'பாளையங்கோட்டையைச் சேர்ந்த' என்று வாசித்தார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. என் பெண்ணுக்கும் அப்படி ஒரு தமிழ் ஊர் வேண்டும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. "பேரைத் தமிழ்ச் சபைக்கு மாத்திரலாம், என்ன நஷ்டம்?" என்று அன்று சாப்பாட்டின்போது சொன்னேன்.

"கெடந்து சாடாத பிள்ளே" என்றார் வீட்டுக்காரர், குதிக்காதே என்று.

லில்லி தட்டைத் தள்ளினாள். "எல்லாரும் என்னப் பத்தி பேசறீங்க. என்கிட்ட ஒருத்தரும் சோதிக்கல்ல" என்றாள். சோதிப்பது என்றால் அவளுக்குக் கேட்பது.

"சரி, கேக்கேன். சொல்லுட்டி."

"தமிழில வாசிக்கட்டும், எனக்கு ஒரு விரோதமும் இல்ல. நான் கட்டப்போறவர் தமிழர்தானே? ஆனா விளவங்கோடுன்னு வாசிக்கண்டாம். நான் அங்க பிறக்கல்ல, வளரல்ல. அங்க பஸ் எறங்கினா எனக்கு வழி அறியாது. என் ஊர் திருவனந்தபுரம். அத மறைச்சுட்டு எனக்கு எந்தக் கல்யாணமும் வேண்டாம்."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரே கணக்கை மறுபடி மறுபடி போட்டுக்காட்டினேன். பங்கஜாட்சியம்மா தெற்கைப் பற்றிக் கேட்டபோது, "போனாப் போகட்டும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் கறிவேப்பிலையோடு அப்படியே நின்றார்.

வியாழக்கிழமை தங்கராஜ் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, சர்க்கார் பஸ்ஸில், மாமனுக்குச் சொல்லாமல். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். நான் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தேன். லில்லி மறுபடியும் சீரகத் தண்ணீரைத்தான் கொண்டுவந்தாள், மறுபடியும் சுடச்சுட. அவர் ஊதி ஊதி முழுவதையும் குடித்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"மாமாவ நான் பாத்துக்கிடுகேன். அவ ஊரு எதுன்னு அவதான் சொல்லணும், அத்தை" என்றார் என்னிடம். பிறகு லில்லி பக்கம் பாதி திரும்பி, "ரெண்டு ஆராதனையிலயும் வாசிக்கட்டும். நம்மளப் பத்தி ரெண்டு தடவ கேட்டா என்ன, குறைஞ்சா போயிரும்?" என்றார். லில்லி ஜன்னல் கம்பியைத் துடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் பொன்னையா வந்தார். அவரிடம் தங்கராஜ் என்ன பேசினார் என்று தெரியாது. ஜிப்பா அதே ஜிப்பா, முகம் மட்டும் உம்மென்று இருந்தது. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மலையாளப் பாட்டுக் குழுப் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் கடைசி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்: நாகர்கோவிலைச் சொந்த ஊராக உடைய தங்கராஜுக்கும், திருவனந்தபுரத்தைச் சொந்த ஊராக உடைய லில்லிக்கும். தடை எதையாவது அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம் என்று சொல்லி நிறுத்தினார்.

எல்லோரும் பொன்னையாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கத் துடித்ததோ என் கால்கள். போதகரே, ஒரு தடை இருக்கிறது, நான் பெற்ற பிள்ளைக்கு என் ஊர் இல்லை என்று சொல்லிவிட நாக்கு தவித்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே என் முழங்கைமேல் கையை வைத்தார். அந்த மனிதர் எல்லாம் தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. பொன்னையா எழுந்திருக்கவில்லை. ஒருமுறை இருமினார், அவ்வளவுதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. இரண்டு சபையும் வந்து, ஒரே ராகத்தில் அவரவர் பாஷையில் சத்தம் போட்டுப் பாடிவிட்டுச் சாப்பிட்டார்கள். மறுநாள் தம்பானூரில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பஸ் ஏற்றினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த லில்லியிடம் தங்கராஜின் சித்தி ஏதோ கேட்க, அவள் யோசித்து யோசித்துத் தமிழில் பதில் சொன்னாள். "ஏ, நம்ம மலையாளத்துக்காரி பேசுகா, கேளுங்க!" என்று சித்தி கையைத் தட்டிச் சிரித்தாள். பிரியமான சிரிப்புத்தான். ஆனால் இந்த ஊரும் தமிழச்சியான என்னைப் பாண்டிக்காரி என்று அப்படித்தான் சிரித்துக்கொண்டே கூப்பிட்டது, இன்னும் கூப்பிடுகிறது. பஸ் கிளம்பி வளைவில் திரும்பும்வரை நின்றேன்.

திரும்பி நடக்கும்போதுதான் கணக்கு புரிந்தது. தெற்கு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மனசுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தவள் நான். சேர்ந்தால், மலையாளத்தில் கனவு காண்கிற என் பெண் தமிழ்நாட்டில் இருப்பாள். தமிழைக் கட்டிக் காத்த நான் கேரளத்தில் இருப்பேன். எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் போகும்.

மறுநாள் காலை பங்கஜாட்சியம்மா வருவதற்கு முன்பே நான் வேலியருகில் போய் நின்றேன். அவர் வீட்டுக்குப் பத்திரிகை வரும். வாளியோடு வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"பேப்பர் வாயிச்சோ?" என்று மலையாளத்திலேயே கேட்டேன். "தெக்கு போயோ?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, எனக்காக, அவருக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களைத் தேடிப் பொறுக்கி எடுத்தார்.

"இல்ல டீச்சர். அங்கயேதான் இருக்கு."