‘அண்மையில் திறந்தவை’யும் நான் வாங்கிய பேச்சும்

மென்பொருள் எழுதுகிறவர்களை, அது ஒழுங்காக ஓடும்வரை யாரும் நினைப்பதில்லை. ஓடாவிட்டால் சரியாகச் சோற்றில் கை வைக்கும்போது கூப்பிடுவார்கள். என்னைப் போல வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக ஜீவன்களே, கேளுங்கள். மலாக்கா டவுனில் எங்கள் சின்ன அலுவலகம் தமிழில் டைப் செய்ய ‘எடிட்டர்’ என்று ஒரு மென்பொருள் தயாரித்தது. கடைசியாகத் திறந்த பத்து ஃபைல்களின் பெயரை அது முதல் பக்கத்திலேயே ‘அண்மையில் திறந்தவை’ என்று காட்டும். ‘சின்ன வேலைதானே’ என்று அந்தப் பட்டியலை என் தலையில் கட்டினார்கள்.

தலைவர் கண்ணில் பட்டது

கணபதி அண்ணன் பெம்பானில் ஒரு கோயில் செயலாளர். கமிட்டியில் மனஸ்தாபம் வந்தால் கோயில் கம்ப்யூட்டரில் ராஜினாமா கடிதம் எழுதுவார்; கோபம் ஆறியதும் சேவ் செய்து மூடிவிடுவார். ஒன்றைக்கூடக் கொடுத்ததில்லை. ஒருநாள் திருவிழா நோட்டீஸைத் தேடித் தலைவர் எடிட்டரைத் திறந்தார். பட்டியலின் உச்சியில் ‘ராஜினாமா - கடைசி - இதுதான் கடைசி’.

அன்று சாயங்காலக் கூட்டத்திலேயே, அண்ணன் வாய் திறப்பதற்குள் நன்றி சொல்லி, மாலை போட்டு, புதுச் செயலாளரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதினோரு வருஷப் பதவி. அண்ணன் நேராக எனக்குப் போன் போட்டார்.

“தங்கச்சி, நான் ராஜினாமா பண்றத நான்தான் சொல்லணும், உன் எடிட்டர் சொல்லக்கூடாது லா!”

அழித்தும் அழியாதது

உடனே ‘பட்டியலை அழி’ என்று ஒரு பட்டன் வைத்தேன். நியாலாஸ் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை சரோஜா டீச்சர் அதை அழுத்திவிட்டார். பட்டியல் காலி. கேள்வித்தாள்களே போய்விட்டன என்று அழுது, யாரிடமும் சொல்லப் பயந்து, பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து நான்கு தாள்களையும் மறுபடி டைப் செய்திருக்கிறார்.

விஷயம் தெரிந்து நான் போய் ஃபோல்டரைத் திறந்து, பழைய தாள்கள் பத்திரமாக இருப்பதைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். டீச்சர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அழின்னு எழுதி வெச்சிட்டு அழிக்கலன்னு சொல்றீங்களே, என் பிள்ளைங்க இப்படி எழுதினா நான் மார்க் போடுவேனா?”

மேலிருந்து மூன்றாவது

‘பெயர்களை மட்டும் மறை’ என்று பட்டனைத் திருத்தினேன். அடுத்த அடி சுங்கை ரம்பாயிலிருந்து வந்தது. அங்கே அச்சுக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஃபைல் பெயரைப் படிப்பதே இல்லை. ‘மேலிருந்து மூணாவது’ என்று இடம் பார்த்துத்தான் கிளிக் செய்வார். என் பட்டியலிலோ, கடைசியாகத் திறந்தது மேலே ஏறும், மற்றவை ஒரு படி இறங்கும். பாய் நடுவில் ஏதோ பழைய ஃபைலைத் திறந்திருக்கிறார். மூன்றாவது நான்காவதாகிவிட்டது. முந்நூறு கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது, வேறொரு வீட்டுக் கல்யாணத்துக்கு. இரண்டிலும் பெண் பெயர் கவிதா என்பதால் பாய்க்குச் சந்தேகமே வரவில்லை.

பெண்ணின் அப்பா பத்திரிகைக் கட்டைப் பிரித்து நிதானமாகப் படித்தாராம்.

“பாய், மாப்பிள்ளைய மாத்துறதா இருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே லா.”

பொதுமக்கள் கருத்து

பாய் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார். நான் பெயர்கள் இடம் மாறாமல் நிற்க வழி செய்தேன். பிறகு, இனிமேலாவது கேட்டுச் செய்வோம் என்று, சக ஊழியர் மாலதியை எடிட்டர் வாங்கிய எல்லாருக்கும் போன் போடச் சொன்னேன். இரண்டு நாள் பேசிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“அக்கா, இவங்க ஃபைல் யாருக்கும் தெரியக் கூடாதாம், ஆபீஸ்ல மத்தவங்க என்ன திறந்தாங்கன்னு மட்டும் இவங்களுக்குத் தெரியணுமாம்.”

இப்போது அவரவர் விருப்பப்படி பட்டியலை மாற்றிக்கொள்ளத் தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் அதைத் திறக்கவில்லை, ஒருவரும் குறை சொல்லவில்லை, ஆகவே நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.