நாலரை மணிக்கு முன்னால்

எழுபத்துமூன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை. தியாகராய நகரில் எங்கள் எதிர்வீட்டு டெலிபோனுக்கு, மந்தைவெளியிலிருந்து அண்ணன் மகள் பேசினாள். "சித்தப்பா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. உங்களைப் பாக்கணும்னு சொல்றார். உடனே வாங்க."

நானும் அண்ணனும் பேசி ஒன்பது வருடங்களும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. அவள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போன கோபம்.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. ராகு காலம் நாலரை வரை இருந்தது. அந்த நேரத்தில் நான் எங்கும் பயணம் கிளம்பியதே இல்லை.

"இன்னும் எண்பது நிமிஷம்தான். முடிஞ்சதும் கிளம்பலாம்" என்றேன்.

மனைவி என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். "உங்க அண்ணன் உசிரு பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு நிக்குமா? கிளம்புங்க."

ஆழ்வார்பேட்டையில் ஆட்டோ இரண்டு முறை நின்றுபோனது. ராகு காலம் வேலையைக் காட்டிவிட்டது என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், வாட்சையே பாத்துக்கினு கீற? வாட்ச் வந்து வண்டியத் தள்ளுமா?" என்றார் ஓட்டுநர். இறங்கி நானே தள்ளினேன்.

அண்ணன் கண் விழித்திருந்தார். "ராகு காலத்துல வந்திருக்கியேடா!" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன பொங்கலுக்கு உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். தம்பிதானே முதல்ல பேசணும்னு திரும்பிட்டேன். அது ஒண்ணுதான்டா உறுத்துது."

"நான் அவ்வளவு தூரம்கூட வரலியே அண்ணே" என்றேன்.

அவர் போனபோது மணி நாலு இருபது.

பஞ்சாங்கம் இன்றும் பார்க்கிறேன், பழக்கம் விடவில்லை. ஆனால் யாரையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் அதைத் திறப்பதில்லை.