ராணி பெயருக்குத் துணி போதாமல் போன நாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் நான் மேடை கட்டாத ஊர் கிடையாது. கருங்குழியில் தண்ணீர் வடிந்த ஏரிச் சேற்றில் பனைமரத்தைக் கிடத்தி, நாற்பது பேர் குதித்தாலும் அசையாத மேடை போட்டேன். திருப்போரூரில் கரெண்ட் போனபோது பெட்ரோமாக்ஸ் விளக்குகளைக் கம்பியில் தொங்கவிட்டு நாடகத்தை நிற்காமல் ஓட்டினேன். தகர ஷீட்டை ஆட்டி நான் இடித்த இடிக்கு, மழை வருகிறதென்று பாதிக் கூட்டம் பாயைச் சுருட்டியது. கடல் மணலில் கம்பம் நிற்காது என்றார் படித்த இன்ஜினீயர் ஒருவர். குழிக்குள் மணல் மூட்டைகளை இறக்கி நடுவில் கம்பத்தை நட்டேன். நின்றது. இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட இருக்கிறது, படுகிறேன்.

ஆனால் மேடைத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது நான் செய்த ஒரு தப்பை. அது எழுபதுகளில் மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது.

1. பேனர்

சீமையில் அந்தக் காலத்தில் ஆடிய சிரிப்பு நாடகம் ஒன்றைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு ஒரு குழு வந்தது. கதை இதுதான். காட்டில் தேவதைகளுக்கு ஒரு ராஜா, ஒரு ராணி. ஒரு யானைக்குட்டியை யார் வளர்ப்பது என்று இருவருக்கும் சண்டை. அவர்கள் முறைத்துக்கொண்டால் சித்திரையில் அடைமழை, ஐப்பசியில் அனல். நடுவில் மனிதர்கள் பாடு திண்டாட்டம். ராஜா வேஷம் குழுத் தலைவர் ஏகாம்பரம். அவரை வாத்தியார் என்போம். ராணி வேஷம் அவர் சம்சாரம் ராஜேஸ்வரி.

மேடை, லைட், மூங்கிலும் காகிதமும் ஒட்டிச் செய்த யானைக்குட்டி, வாசல் பேனர் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் பக்கத்துக் கூத்து நோட்டீஸில் ராஜா வேஷக்காரர் பெயர்தான் முதலில் வரும். அந்தப் பழக்கத்தில் ஏகாம்பரம் என்று ஆளுயரத்துக்கு எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் துணி தீர்ந்துவிட்டது. மூலையில் ஒரு சாண் இடம். ராஜேஸ்வரியை அதற்குள் நெருக்கி உட்கார வைத்தேன்.

சாயங்காலம் வேஷத்தோடு வேனிலிருந்து இறங்கிய அந்த அம்மா பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாங்க இது? எம் பேரு எறும்பு ஊர்றா மாதிரி கீது?"

வாத்தியார் சிரித்தார். அங்கேதான் கெட்டது. "துணி பத்தல ராஜி. அவன் இன்னா பண்ணுவான்? நாடகம் என்னுதுதானே, வுடு."

"நாடகம் உன்னுதா? அப்போ ராணி என்னுது. நான் எடுத்துகினு போறேன்."

போனார். கிரீடம் தலையில், யானைக்குட்டி இடுப்பில்.

2. பஸ் ஸ்டாப்

நாடகம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை. மீன்காரக் குடும்பங்கள் முன்வரிசை மணலில் இடம் பிடித்துவிட்டார்கள். ராணி இல்லாவிட்டால் நாடகம் இல்லை. அதைவிட, அந்த அம்மா திருப்போரூர் பஸ் ஏறித் தாய் வீட்டுக்குப் போய்விட்டால் அந்தக் குடும்பமும் இல்லை. என் பிரஷ் செய்த வேலை. ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் யானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூடையோடு இருந்த மீன்கார அம்மா, "இதுக்கு அரை டிக்கெட் கேப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ராஜிம்மா, தப்பு என்னுது. அளக்காம எழுதிட்டேன்."

"எழுதின கை உன்னுது அண்ணாத்த. அதப் பாத்துப் பல்லைக் காட்டினது யாரு? பத்து வருசமா அவரு மொதல்ல வர்றாரு, நான் பின்னால வர்றேன். இன்னிக்கு நான் மொதல்ல வர்றேன். சரின்னா வர்றேன். இல்லாங்காட்டி இந்தா, பஸ்சு வருது."

திரும்ப ஓடினேன். வாத்தியார் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ் முனுசாமி, ராசா நிக்கும்போது ராணி முந்துறதா? சனம் சிரிக்கும்."

"சிரிப்பு நாடகம்தானே வாத்தியாரே?"

"பேஜாரு பண்ணாதய்யா."

மூச்சு வாங்க நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது. எங்கள் தெருக்கூத்தில் ஒரு வேஷம் சபைக்கு வரும்போது இரண்டு பேர் முன்னால் ஒரு திரையைப் பிடிப்பார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று தான் யார் என்று பாடுவார். திரை இறங்கினால்தான் வந்ததாகக் கணக்கு. ஒரு திரைக்குப் பதில் இரண்டு பிடித்தால்? ராஜா இந்தப் பக்கம், ராணி அந்தப் பக்கம். மத்தளம் அடித்ததும் இரண்டும் ஒன்றாக இறங்கட்டும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாத்தியாரிடம் சொல்லிவிட்டு மறுபடி பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன், அந்த அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் என்னிடம் திரை ஒன்றுதான் இருந்தது. பேனரை அவிழ்த்தேன்.

3. இரண்டு திரை

பேனரின் வெறும் பக்கம் சபையைப் பார்க்க, எழுத்துப் பக்கம் ராணியைப் பார்க்க என் ஆட்கள் பிடித்தார்கள். அந்த அம்மா முகத்துக்கு நேரே ஆளுயர ஏகாம்பரம். அதைப் பார்த்துக்கொண்டே வசனம் பேசினால் எப்படி இருக்கும்? பொறி பறந்தது.

"இந்தக் காட்டில் மழை யாரைக் கேட்டுப் பெய்கிறது?" என்றார் ராஜா, வசனப்படி.

"என் பெயரை யாரைக் கேட்டுச் சுருக்கினீர்?" இது வசனத்தில் இல்லை.

"ராணி, யானையைப் பற்றிப் பேசு!"

"யானைக்கு ஒரு சாண் இடம் போதுமா? நீர் இருந்து காட்டுமே!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "வுடாதம்மா, கேளு!" என்று கத்தினார். நான் கண்ணைக் காட்டினேன், மத்தளம் அடித்தது. இரண்டு திரையும் இறங்கவில்லை. அவர் இறக்கட்டும் என்று இவர், இவர் இறக்கட்டும் என்று அவர், பின்னாலிருந்து திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி அடித்தது. அப்போதும் இறங்கவில்லை.

கடைசியில் வாத்தியார் தன் திரையைத் தானே கையால் தள்ளிவிட்டு வெளியே வந்தார். கிரீடத்தைக் கழற்றினார்.

"தப்புதான் ராஜி. நான் சிரிச்சிருக்கக் கூடாது. வா."

ராஜா பாஷை இல்லை, வீட்டுப் பாஷை. அன்றைக்கு முதலில் சபைக்கு வந்ததும் அவர்தான், தோற்றதும் அவர்தான். பேனர் மெதுவாக இறங்கியது. அந்த அம்மா நடந்து வந்து யானையின் தும்பிக்கையைத் தான் பிடித்துக்கொண்டு, வாலை அவர் கையில் கொடுத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

நான் கற்றது இதுதான், பிள்ளைகளே. பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் எத்தனை பெயர் என்று எண்ணு, அப்புறம் துணியை அள. அன்றிலிருந்து சாக்பீஸால் கோடு போடாமல் நான் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

அதற்கப்புறம் அந்தக் குழு போன ஊரெல்லாம் அந்தக் காட்சியை இரண்டு திரை பிடித்தே ஆடியது. போன மாதம் அவர்கள் அச்சடித்த நினைவு மலர் ஒன்று கைக்கு வந்தது. பேத்தியைப் படிக்கச் சொன்னேன். 'புகழ்பெற்ற இரண்டு திரைக் காட்சி: எண்ணமும் அமைப்பும் ஏகாம்பரம், ராஜேஸ்வரி' என்று இருக்கிறதாம். இருவர் பெயரும் ஒரே அளவில் இருப்பதை நானே பார்த்தேன். சந்தோஷம்.

வாத்தியாரே, ராஜிம்மா, அடுத்த பதிப்பில் அங்கே மூன்றாவதாக ஒரு பெயர் வர வேண்டும்: மேடை முனுசாமி. மூலையில் ஒரு சாண் இடம் கொடுத்து என்னை உட்கார வைக்கக் கூடாது. உங்கள் பெயர் எந்த அளவோ, அதே அளவு. இப்போதே அளந்து வையுங்கள்.