டிரம்முக்குச் சராசரி கிடையாது

அளந்ததைச் சொல்வது என் தொழில். அளந்ததை அப்படியே சொல்லிவிடக் கூடாது என்பது என் மேலாளரின் விருப்பம். ரத்த அழுத்தம் பார்ப்பவர்களே, ரேஷன் கடையில் எடை போடுபவர்களே, மீட்டர் பார்க்க வீடு வீடாக ஏறி இறங்குபவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

சாமிக்கு ரோஜா

ஓசூரில் நாங்கள் செய்தது அணுக்கழிவு டிரம்மை அளக்கும் இயந்திரம். மூடியைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்று அது சொல்லும். எங்கள் பட்டறையில் கழிவு எதுவும் கிடையாது. சோதனைக்கு வேண்டிய துளிப் பொருளை வாடிக்கையாளரே பூட்டிய பெட்டியில் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் கையோடு எடுத்துப் போய்விடுவார்.

இதை நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மாவிடம் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் என்னோடு தமிழும் பேசுகிறவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் காலையில் வாசலில் மறித்துக் கேட்டார்: “ஏம்மா, நீ குளிச்ச தண்ணி நம்ம ரோஜாச் செடிக்குத்தான் போவுது. பூவ சாமிக்கு வெக்கலாமா, வேணாமா?”

ரோமிங்கில் வந்த உத்தரவு

எங்கள் இயந்திரத்தில் இரண்டு கருவிகள். ஒன்று காமா கதிரைப் பார்க்கும். குறுக்கே கனமான இரும்பு இருந்தால் ஏமாந்துவிடும். இன்னொன்று நியூட்ரானை எண்ணும். அதற்கு இரும்பு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் தண்ணீரோ எண்ணெயோ நிறைய இருந்தால் குறைத்துச் சொல்லும். ஒன்று ஏமாறும் இடத்தில் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இயந்திரத்தை வாங்கப்போகும் ஆய்வுக்கூடத்து ஆட்கள், நாங்கள் பஞ்சு நிரப்பி வைத்திருந்த டிரம்மின் நடுக்குழாய்க்குள் தங்கள் பொருளை வைத்து, அரக்கு முத்திரை போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்கள். எவ்வளவு வைத்தார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. காமா ஓர் அளவு சொன்னது. நியூட்ரான் அதில் பாதி சொன்னது. மறுபடி ஓட்டினேன்; இரண்டும் தங்கள் பிடியை விடவில்லை. டிரம் சுழலும் மேடையின் எடைமானியைப் பார்த்தேன். காய்ந்த பஞ்சுக்கு அவ்வளவு கனம் இருக்க வழியில்லை.

மேலாளர் செல்வராஜ் சார் அந்த ஆய்வுக்கூடத்து அதிகாரியை அழைத்துவர பெங்களூர் விமான நிலையத்துக்குப் போயிருந்தார். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை: “அத்திப்பள்ளி பார்டர் தாண்டிட்டேன்மா, ரோமிங் ஓடுது. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து எழுதிடு.”

கேபினுக்குள்

நான் எழுதவில்லை. காய்ச்சல்காரருக்கு ஒரு தெர்மாமீட்டர் நூற்றிரண்டும் இன்னொன்று தொண்ணூற்றெட்டும் காட்டினால், நூறு என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவீர்களா? இன்று உள்ளே இருப்பது சோதனைப் பொருள். நாளை அசல் கழிவு வரும்போதும் இதே பழக்கம்தான் தொடரும்; அந்த டிரம்மைத் தூக்கி அடுக்கப்போகிறவர் யாரோ ஒரு தொழிலாளி.

திரும்பி வந்ததும் செல்வராஜ் சார், அதிகாரியைப் பட்டறையைச் சுற்றிப் பார்க்க விட்டுவிட்டு, என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் கணவர் வேலை பார்த்த கம்பெனி அப்போது மூடிக் கிடந்தது. வீட்டில் அடுப்பெரிந்தது என் சம்பளத்தில். அது அவருக்கும் தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. “சராசரி போட்ட தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். டிரம்மைத் திறக்கச் சொல்லுங்க” என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை: “இந்த மாசத்தோட உன் காண்ட்ராக்ட் முடியுது. அத நெனப்புல வெச்சிக்கிட்டுப் பேசு.”

மூடியைத் திறந்தபோது

நினைவில் வைத்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். அதிகாரி நாற்காலியில் உட்கார்வதற்குள் நேராகப் போய், இரண்டு அளவையும் எடையையும் சொல்லி, “உள்ளே இருக்கறது காய்ஞ்ச பஞ்சு இல்லீங்க சார்” என்றேன். செல்வராஜ் சார் நடுவில் புகுந்து இயந்திரம் புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். அதிகாரி தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் முத்திரையை உடைத்து, தங்கள் பொருளை முதலில் எடுத்துப் பெட்டியில் பூட்டினார்கள். பிறகு மூடி முழுதாகத் திறந்தது.

மேலே ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பஞ்சு. அதன் கீழே, பக்கத்து லேத் பட்டறையில் மெஷின் துடைத்து எறியும் பஞ்சுக் கழிவு, எண்ணெய் சொட்டச் சொட்ட. காமா சரியாகச் சொல்லியிருந்தது. நியூட்ரானை எண்ணெய் அமுக்கியிருந்தது. புதுப் பஞ்சு எதற்கு, அங்கே சும்மாதானே கிடக்கிறது என்று அள்ளி வரச் சொன்னவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. செல்வராஜ் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மிஷின் நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்கறோம். ஆனா ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் இந்தம்மா கையெழுத்துதான் இருக்கணும், உங்களோடது வேண்டாம்.”

என் ஒப்பந்தம் அதன் பிறகு நீண்டுகொண்டே போகிறது. செல்வராஜ் சாருக்கு என் மேல் இருக்கும் பிரியத்தை அளக்க மட்டும் இரண்டு கருவிகள் தேவைப்படவில்லை, அவர் முகமே போதும்.