வில்லோ ஓடை நின்ற மத்தியானம்

ஆர்லீன் எச்செவெரி தன் வாழ்நாளில் வெறுத்த சத்தம் ஒன்றே ஒன்றுதான். தூங்கிக்கொண்டிருக்கும்போது வண்டிக் கண்ணாடியில் யாரோ விரலால் தட்டுவது.

மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். புருஷனின் நோய் வீட்டைத் தின்றது, பிறகு புருஷனையும் தின்றது. மிஞ்சியது ஒரு பழைய பிக்கப் வண்டி. அதன் முதுகில் ஒரு தகரக் கூட்டை ஏற்றி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குளிர்காலத்தில் தெற்கே பாலைவனம், கோடையில் நெவாடாவின் மலைகள். போகிற வழியில் கடை வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ கண்ணயர்ந்தால் போதும், கண்ணாடியில் தட்டு விழும். "இங்கல்லாம் தூங்கக் கூடாதும்மா, வண்டிய எடுங்க." அவளும் எடுத்துவிடுவாள். ஆனால் அன்று முழுக்க வேறெங்கும் நிறுத்தமாட்டாள்.

யாரும் தட்டாத இடம் வில்லோ ஓடைக்கரை. தேசியப் பூங்காவின் தென்கோடியில், சரளைக்கல் பாதை முடியும் பள்ளத்தாக்கில், மூன்றே மூன்று முகாம்கள். கட்டணம் கிடையாது, பெயர் எழுதி வைக்க வேண்டாம். தண்ணீர்க் குழாயோ கரண்டோ குப்பைத் தொட்டியோ இல்லை. ஆளுக்கொரு மர மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், பொதுவாக ஒரு குழிக் கழிப்பறை. நடு முகாம் ஆர்லீனுடையது. அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வழக்கமாக வருகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். உயர்ந்த காட்டன்வுட் மரங்களின் நிழலில், ஓடைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வண்டியை நிறுத்தினாள் என்றால் இலையுதிரும்வரை அசையமாட்டாள்.

போன கோடையில் மேலே மலை எரிந்தது. முகாம்கள் வரை தீ வரவில்லை. இந்த ஆகஸ்டில் ஆர்லீன் வந்து சேர்ந்தபோது மரங்கள் பச்சையாகவே இருந்தன. நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மலை முழுக்க எரிந்த தீக்குச்சிகளை நட்டு வைத்ததுபோலக் கறுத்த மரங்கள். ஓடை காப்பி நிறத்தில் ஓடியது. காலையில் மேசையைத் துடைத்தால் துணி கறுத்தது. மான்கள் தண்ணீருக்கு வரவில்லை. குருவிச் சத்தம் இல்லை என்பதை அவள் உணர்வதற்கே இரண்டு நாள் ஆனது. உணர்ந்த பிறகு வேறு எதையும் காது கேட்க மறுத்தது.

வருஷா வருஷம் கீழ் முகாமில் தங்கும் பர்ல், செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். இந்த முறை தன் வண்டியை மேட்டில், ஒரு பொட்டு நிழல் இல்லாத சேஜ் புதர்க்காட்டில் நிறுத்தியிருந்தான்.

"என்னய்யா, மண்டை காயட்டும்னு வேண்டுதலா?" என்று கீழிருந்தே கத்தினாள் ஆர்லீன்.

"நீயும் மேல வந்துரு. அந்தத் தண்ணி மூஞ்சியே சரியில்ல."

"உன் மூஞ்சிய விட நல்லாத்தான் இருக்கு."

"சிரி, சிரி. மேல மரம் இல்ல, புல் இல்ல. மழை பேஞ்சா மண்ணு எத பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"நான் எந்திரிச்சா என் எடத்துல எவனாவது வந்து உக்காந்துருவான். அதுக்குத்தான் அடி போடுறியா?"

"ஆமா, மகாராணியோட சிம்மாசனம் பாரு! நல்லா உக்காரு. மொத்தமா கொண்டுபோவப் போவுது." பர்ல் புகையிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டான்.

பூங்காவைக் காவல் காக்கும் ரேஞ்சர் டெசாவும் வந்தாள். சின்னப் பெண், தோளில் தூங்காத களைப்பு. "மேல மேகம் கறுத்தா இங்க வெயில் அடிக்குதேன்னு இருந்துடாதீங்க, மேடம். வண்டி, சாமான் எதையும் பாக்காம மேட்டுல ஏறிடுங்க."

"அவ்வளவு ஆபத்துன்னா மூடிட வேண்டியதுதானே, கண்ணு?"

"மூடணும்னு நானும் சொல்லிட்டேன். மேலதிகாரிங்ககிட்டேருந்து பதில் வரல."

"அப்ப ஆபத்து இல்லன்னுதானே அர்த்தம்!" என்று ஆர்லீன் சிரித்தாள். டெசா சிரிக்கவில்லை.

எச்சரிக்கை புரியாதவள் அல்ல ஆர்லீன். பனிச்சரிவு விழும் சாலைகளில் வண்டி ஓட்டியவளுக்கு மலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பெண் சொன்னதும் அவள் காதில் கண்ணாடியில் விழும் தட்டாகவே கேட்டது. இங்க தூங்கக் கூடாதும்மா. அதற்காகவே நகரக் கூடாது என்று வீம்பு பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒரு சின்ன நீலக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. இறங்கியவன் சால்ட் லேக் நகரத்தில் பள்ளி வாத்தியார், பெயர் டோரியன். முதல் தடவை வருகிறானாம். மேல் முகாமைக் காட்டி, "இங்க நிறுத்தலாமாங்க? வழியில போர்டு ஒண்ணு பாத்தேன், வெள்ளம் அது இதுன்னு..." என்று இழுத்தான்.

"நான் வருஷக்கணக்கா இங்கதான் கெடக்கேன், தம்பி. ஒண்ணும் ஆகாது. தைரியமா இரு."

அவன் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டு மேல் முகாமுக்குப் போனான். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவனை அவள் பார்க்கவில்லை.

மத்தியானம் மலை உச்சியை மேகம் மூடியது. பள்ளத்தாக்கில் சுள்ளென்று வெயில். தூரத்தில் இடி உருண்டது. யாரோ மாடியில் பீரோவை நகர்த்துவதுபோல. ஆர்லீன் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திடீரென்று ஏதோ ஒன்று குறைந்ததுபோல் இருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

ஓடை நின்றுவிட்டிருந்தது.

தண்ணீர் வற்றி, கூழாங்கற்கள் ஈரமாகப் பளபளத்தன. அங்கங்கே குழிகளில் கொஞ்சம் தண்ணீர், அதில் டிரவுட் மீன்கள் துள்ளித் துடித்தன. அவள் மனம் முதலில் நினைத்தது இதுதான்: மழை திசை மாறிவிட்டது, பர்ல் பயந்ததெல்லாம் வீண். வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். பர்லுக்கு வறுத்துக் கொடுத்து, தின்ன விடாமல் குத்திக்காட்ட வேண்டும் என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது. ஒன்று, இன்னொன்று, அதோ பெரிசாக ஒன்று. ஓடைப் படுகையின் நடுவே, குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டே போனாள்.

மேட்டில் பர்லின் வண்டி ஹாரன் அலறத் தொடங்கியது. விட்டு விட்டு அல்ல, அழுத்திய கை எடுக்காமல்.

"பொறாமையப் பாரு இவனுக்கு," என்று முணுமுணுத்தாள்.

அப்போது கன்னத்தில் குளிர்ந்த காற்று பட்டது. அனல் வீசும் ஆகஸ்ட் மத்தியானத்தில், பள்ளத்தாக்கின் தொண்டையிலிருந்து பனிக்கட்டி போன்ற காற்று. அணைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த நனைந்த சாம்பல் வாடை. காலுக்கடியில் கூழாங்கற்கள் நடுங்கின. வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. மேலே எங்கோ மண்ணும் மரமும் சரிந்து ஓடையை அடைத்திருக்கின்றன, அதனால்தான் தண்ணீர் நின்றது, அந்த அடைப்பு இப்போது உடைந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே நொடியில் விளங்கியது.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். வண்டியைக் கடந்தபோது சாவி இடுப்பில் இருந்தது. ஏறிக் கிளப்பிவிடலாம் என்று கை கதவுவரை போனது. பர்ல் மேட்டு விளிம்பில் நின்று கத்தியது கேட்டது: "விட்டுத் தொல, கெழவி! ஏறு! ஏறு!" கதவை விட்டாள். சரிவில் சேஜ் புதர்களைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். முழங்கால் கிழிந்தது தெரியவில்லை. பர்ல் அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்து மேலே போட்டான்.

அது தண்ணீர்போல வரவில்லை. கறுத்த சுவர் ஒன்று மரங்களையும் பாறைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு நடந்து வந்தது. காட்டன்வுட் மரங்கள் சடசடவென்று முறிந்தன. அவளுடைய வண்டி ஒருமுறை மிதந்தது, பக்கவாட்டில் திரும்பியது, தகரக் கூடு தீப்பெட்டிபோல நசுங்கியது, பிறகு காணவில்லை. அதன் பின்னாலேயே, வயிறு மேலாகக் கவிழ்ந்து, ஒரு சின்ன நீலக் கார் போயிற்று.

ஆர்லீன் வண்டிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பையன்கிட்ட நான்தான் சொன்னேன், பர்ல். ஒண்ணும் ஆகாதுன்னு. நான்தான் சொன்னேன்."

பர்ல் தன் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு மேட்டு விளிம்போடு கீழ்நோக்கிப் போனான். அவள் மேல்நோக்கிப் போனாள். தொண்டை கிழியப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மேல் முகாம் இருந்த இடத்தில் சேறு கொதிப்பதுபோல் குமிழிட்டுக்கொண்டிருந்தது. மேசையின் ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. குரல் போன பிறகு கைதட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில், மலை முகட்டுப் பக்கமிருந்து ஒரு உருவம் நொண்டிக்கொண்டு இறங்கி வந்தது. நெற்றியில் ஆலங்கட்டி அடித்த வீக்கம். தொப்பலாக நனைந்திருந்தான். காலையிலேயே உச்சிப் பாதையில் நடக்கப் போனவன், மழையில் பாறை இடுக்கில் ஒண்டியிருந்துவிட்டு, பாதை அறுந்துபோனதால் முகடு வழியாகச் சுற்றி வந்திருக்கிறான்.

டோரியன் பள்ளத்தாக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என் கார் எங்கங்க?" என்றான்.

ஆர்லீன் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "யார்கிட்டடா சொல்லிட்டுப் போன? போர்டுல எழுதியிருந்துச்சில்ல? படிச்சவன்தானே நீ? ஏண்டா என் பேச்சக் கேட்ட?" திட்டிக்கொண்டே அவன் நெஞ்சில் தலையை முட்டி அழுதாள். அவன் ஒன்றும் புரியாமல், சேறு படிந்த கையை அவள் முதுகில் வைத்தபடி நின்றான்.

பாதை பல இடங்களில் வெள்ளத்தில் அறுந்துபோயிருந்தது. மறுநாள் டெசா மேட்டு வழியாக நடந்தே அவர்களைத் தேடி வந்தாள். மூவரையும் கண்டதும் தண்ணீர்க் குடுவையை நீட்டினாள். அதுவரை மூவரும் பர்லின் டின் பீன்ஸையே தின்றிருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தை ஆர்லீன் ஊரில் ஒரு நாத்தனார் வீட்டு அறையில் கழித்தாள். சுவருக்கு நடுவே தூக்கம் பிடிக்கவில்லை. குழாயில் சொட்டுகிற தண்ணீர் நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். வசந்தத்தில் பர்ல் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினான். பின்னால் ஒரு பழைய கூடாரம் சுருட்டிக் கிடந்தது.

"தெற்க ஒரு மேட்டு முகாம் இருக்கு. தண்ணியே கிடையாது. மரம் கிடையாது. தேள் மட்டும் இருக்கும்."

"உனக்குத் தொணைக்கா?"

"ஏறுறியா, போவட்டா?"

ஏறிக்கொண்டாள். பயம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். வில்லோ ஓடை முகாம்களை மூடிவிட்டார்கள் என்று வழியில் பர்ல் சொன்னான். அவள் ஜன்னலைத் திறந்து, மலைப் பக்கம் வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.